நேரம் எங்கள் துறை இல்லை

எனக்கு வேண்டியிருந்தது ஒரு பின். கடிகாரத்தையும் வாரையும் சேர்த்துப் பிடிக்கிற, பாதித் தீக்குச்சி நீளத்தில் இருக்கும் ஒரு பின். அதைக் கேட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஐந்து நாள் அலைந்த பிறகு கிடைத்தது தங்க எழுத்துப் போட்ட ஒரு சான்றிதழ், அதுவும் கால் மணி நேரத்துக்கு. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். கோபம் வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் என் வீட்டுக்காரருடையது. அவர் ஒரு கண் டாக்டருக்குக் கார் ஓட்டினார். டாக்டருக்கு யாரோ பெரிய மனுஷர் பரிசாகக் கொடுத்த கடிகாரம் அது. பெரிய கம்பெனி, பெரிய பெயர். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு டாக்டர் ஒரு நாள்கூட வெளியே போகவில்லை. போகவும் முடியாது. பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி நிறத்தில் முகப்பு, அதன்மேல் ஆரஞ்சு நிற முட்கள், தேதிக்கான கட்டம் ஏழுக்குப் பக்கத்தில் கோணலாக. கண்ணுக்கு நல்லதில்லை என்று சொல்லி டிரைவர் கையில் தள்ளிவிட்டார். கண் டாக்டரே சொன்னால் அப்பீல் ஏது? என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் அதைக் கழற்றவில்லை.

சாவி கொடுக்கிற ரகம் இல்லை அது. கை அசைய அசைய உள்ளே முறுக்கேறி ஓடும். கழற்றி வைத்தால் நின்றுவிடும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், டாக்டர் ஏதோ கூட்டத்துக்கு உள்ளே போயிருக்க, இவர் வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடியே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து எத்தனை பேர் தாண்டிப் போனார்களோ. இறந்த நேரம் ‘இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில்’ என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த உடம்பில் அசைந்துகொண்டிருந்தது அந்த ஆரஞ்சு முள் ஒன்றுதான். கழற்றினேன், அப்படியே என் கையில் மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. நான் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிறவள். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு காலர். என் கை ஓயாது, அதனால் கடிகாரமும் ஓயாது. படுக்கும்போது கையைக் காதுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். அவர் பக்கத்து அறையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம். அவர் ஆரம்பித்துவைத்த ஓட்டம் அது. அது ஓடுகிற வரைக்கும் அவர் முழுசாகப் போகவில்லை, நின்றால் போய்விடுவார். இதுதான் என் கணக்கு. பைத்தியம் என்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். மகளிடம் மட்டும் ஒரு தடவை சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் பின் உடைந்தது. வாரைத் தையல் நூலால் கட்டிக்கொண்டு கடிகாரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணில் லென்ஸை ஒட்டிக்கொண்டு குனிந்தார். லென்ஸ் மேஜையில் விழுந்தது. பேனா முனையால் என் கையை மெல்ல என் பக்கமே தள்ளிவிட்டார்.

“இது பட்டியல்ல இருக்கும்மா. மன்றத்து எண் இல்லாம தொட்டா என் லைசென்ஸ் போயிடும்.”

பின் மட்டும் போட்டால் போதும் என்றேன். பின் போடுவதும் தொடுவதுதானே என்றார். அதில் நியாயம் இருந்ததால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

அபூர்வக் கடிகார மன்றம் மூன்று மாடிக் கட்டடம். உள்ளே போனதும் காது அடைத்துக்கொண்டது. அவ்வளவு அமைதி. சுவர் நெடுகக் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்குள் கடிகாரங்கள், எல்லாம் பத்து மணி பத்து நிமிஷத்தில் நின்றிருந்தன. ஊழியர்கள் காலில் துணிச் செருப்பு. ஒவ்வொருவர் இடது மணிக்கட்டிலும் ஒரு வெளுத்த பட்டை, கடிகாரம் கட்டிக் கழற்றிய தழும்பு மாதிரி. யாரும் கடிகாரம் கட்டவில்லை. கட்டினால் தேயுமாம், தேய்ந்தால் தரம் இறங்குமாம். ஆனால் பழக்கம் போகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வெறும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து, ஓ, நேரமாகிவிட்டதே என்று வேகமாக நடப்பார்கள். எங்கே நடக்கிறார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எப்போது எழுந்திருக்கிறீர்கள் என்று படிவம் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். யாராவது ஒருத்தர் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவோம் என்றாள். சில நாள் யாருமே எழுந்திருப்பதில்லையாம்.

படிவத்தின் முதல் கேள்வியே எனக்குத் தலைசுற்றலைக் கொடுத்தது. ‘உங்களிடம் உள்ள கடிகாரம் எத்தனை பேரிடம் இல்லை?’ யோசித்து, யாரிடமும் இல்லை என்று எழுதினேன். அவள் அதை அடித்தாள். அப்படி எழுதினால் உங்களிடமும் இல்லை என்று ஆகிவிடும், பறிமுதல் செய்ய வேண்டிவரும் என்றாள். உலகத்து ஜனத்தொகையில் ஒன்பதைக் கழித்து எழுதச் சொன்னாள். ஏன் ஒன்பது என்று கேட்டதற்கு, அது தரம் பார்ப்பவர் சொல்வார், மாடிக்குப் போங்கள் என்றாள். பின் வேண்டும் என்ற விஷயத்தை ‘இதர’ என்ற கட்டத்தில் எழுதச் சொன்னாள். ‘இதர’ கட்டத்தை யாராவது படிப்பார்களா என்று நான் கேட்கவில்லை. அரசாங்க அலுவலகம் பார்க்காதவளா நான்?

தரம் பார்ப்பவர் ஒல்லியாக, மரியாதையாக இருந்தார். கடிகாரத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரரைப் பார்த்து அப்படி ஒருத்தரும் கலங்கவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. விவரம் சொன்னார். இந்த மாடலில் மொத்தம் முப்பத்துநான்கு செய்தார்களாம். ஒன்றுகூட விற்கவில்லையாம். அத்தனையும் சும்மா தூக்கிக் கொடுத்தார்களாம். இப்போது மீதி இருப்பது ஒன்பதுதானாம்.

“யாருக்கும் பிடிக்கலை. அதனாலதான் மேற்கொண்டு செய்யலை. அதனாலதான் இது அபூர்வம்.”

அப்படியென்றால் எல்லோருக்கும் பிடித்திருந்தால் என்று இழுத்தேன். பிடித்திருந்தால் லட்சக்கணக்கில் செய்திருப்பார்கள், எங்களுக்கு என்ன வேலை என்று சிரித்தார்.

முப்பத்துநான்கு எப்படி ஒன்பது ஆனது என்று கேட்டேன். அவர் பெருமையோடு என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண், ஒரு தேதி. நடுவில் ஓர் அழுத்தும் இயந்திரம், எங்கள் தொழிற்சாலையில் பட்டன் அடிக்கிற மெஷின் மாதிரி, கொஞ்சம் பெரியது. குறைப்புப் பிரிவு என்று போர்டு. இந்த மாடலில் மட்டும் இருபத்தைந்து கடிகாரங்களை உடையவர்களின் சம்மதத்தோடு நசுக்கிவிட்டார்களாம். நசுங்கியதை இழுப்பறையில் வைத்திருக்கிறார்களாம். நசுக்கக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம். மீதி ஒன்பது பேருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்றார்.

அந்தச் சுவருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. லேசாக, நூற்றுக்கணக்கில், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல். உங்களுக்குக் கேட்கிறதா என்றேன். எல்லோருக்கும் கேட்கும், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது, மாடியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

எண் கொடுப்பதற்கு முன்னால் ‘அமைதித் தேர்வு’ உண்டு என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஓடுகிற கடிகாரம் தேய்ந்துகொண்டே இருக்கிறது, தேய்ந்துகொண்டிருப்பதை மதிப்பிட முடியாது, ஆகவே அது தானாக நிற்க வேண்டும். நின்றால்தான் எண், எண் இருந்தால்தான் பின். கையை இறுக்கி மார்போடு வைத்துக்கொண்டு, இது நிற்கக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். மகளிடம் சொன்னதையே ஓர் அந்நிய மனுஷரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் குறிப்பெடுத்துக்கொண்டு, இது தலைவர் மட்டத்து விஷயம் என்றார்.

தலைவர் அறையில் பெரிய மேஜை, அதன்மேல் ஒன்றுமே இல்லை. அவருடைய மணிக்கட்டுப் பட்டை மற்றவர்களுடையதைவிட வெளுப்பாக இருந்தது. எழுந்து நின்று பேசினார், அறையில் நானும் தரம் பார்ப்பவரும் மட்டும் இருந்தபோதிலும்.

“அம்மா, அழகு எல்லாருக்கும் தெரியும். பயன் எல்லாருக்கும் வேணும். அதனால ரெண்டுமே மலிவு. அபூர்வம்னா, மத்தவங்ககிட்ட இல்லாதது. என்கிட்ட பதினெட்டு வாட்ச் இருக்கு. ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்தா கண்ணு பழகிடும், பழகினா சாதாரணமாயிடும். பெட்டிக்குள்ள இருக்குன்னு நம்பறேன். அந்த நம்பிக்கைதான் இந்த மன்றம்.”

பெட்டியில் இல்லாமல் போயிருந்தால் என்று கேட்டேன். அவர் வெறும் மணிக்கட்டைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்றார். ஆனாலும் மனுஷர் இரக்கப்பட்டார். கடிகாரத்தைக் கழற்ற மனமில்லையென்றால் கையோடு சேர்த்தே தேர்வுக்கு வைக்கலாம், விதியில் இடமிருக்கிறது என்றார். இரக்கத்திலும் விதியைப் பார்த்துத்தான் இரங்குவார்போல.

இரண்டாம் மாடிக்குக் கூட்டிப் போனார்கள். நீளமான கூடம். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன மேஜை, மேஜைமேல் வெல்வெட் மெத்தை. பன்னிரண்டு பேர் இடது கையை மெத்தையில் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. என் கையையும் நீட்டி வைத்து, அசைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். மடியில் சாப்பாட்டு டப்பா, திறக்காமல். எத்தனை நாளாக இருக்கிறீர்கள் என்று கிசுகிசுத்தேன்.

“நேத்துதான் வந்தேன். பேசாதீங்க, கை அசையும்.”

அவர் நாற்காலியில் அடித்திருந்த பெயர்த்தகடு பச்சை பூத்திருந்தது. அவர் தோளில் தூசி. கடிகாரம் நின்று எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது, ஏனென்றால் குனிந்து பார்த்தால் கை அசையும். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. என் கடிகாரத்தின் சத்தமும் அந்தப் படபடப்பும் ஒன்றாகக் கேட்டன. யாரும் பார்க்காதபோது சுண்டு விரலை மட்டும் அசைத்தேன். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஓடு, ஓடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கார் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தால் என் வீட்டுக்காரர் அப்படித்தான் ஸ்டியரிங்கிடம் கெஞ்சுவார்.

இரண்டாம் நாளும் போய் உட்கார்ந்தேன். முந்தின நாள் ராத்திரி முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டே இருந்ததில் தூக்கமில்லை. மத்தியானம் போல, அது மத்தியானம்தானா என்று யாருக்குத் தெரியும், கண் அசந்துவிட்டது.

விழித்தபோது மெத்தை இருந்தது, என் கை இருந்தது, கடிகாரம் இல்லை. நான் கட்டியிருந்த நூலை மட்டும் அழகாகச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நான் போட்ட கூச்சலில் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. தரம் பார்ப்பவர் துணிச் செருப்போடு வந்து, உடைமையாளர் தூங்கினால் அது ஒப்புதல், படிவத்தின் பின்பக்கம் போட்டிருக்கிறதே என்றார். கடிகாரம் ஓய்வு அறைக்குப் போய்விட்டது, இனி ஐந்தாம் நாள்தான் கைக்கு வரும் என்றார். அவர் காலில் விழாத குறை. ஒரே ஒரு தடவை எடுத்து ஆட்டிவிட்டு வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்குப் புரியவே இல்லை. அவர் பார்த்த பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஓய்வு அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. உள்ளே அலமாரிகள், அலமாரிகளில் மரத்தால் செய்த மணிக்கட்டுகள், மணிக்கட்டு மட்டும், விரல் இல்லை, தோள் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம். எந்த மணிக்கட்டில் என்னுடையது என்று தெரியவில்லை. கதவில் காதை வைத்தேன். முதல் நாள் ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. மறுநாள் ஒன்றும் கேட்கவில்லை. அது என் கடிகாரமா, என் காதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் லீவு சொல்லவில்லை. மகள் போன் பண்ணியபோது, பின் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

ஐந்தாம் நாள் விழா. கூடத்தில் நாற்காலி போட்டு, எல்லா ஊழியர்களையும் உட்கார வைத்து, தலைவர் கையால் சான்றிதழ். வெல்வெட் பெட்டியில் கடிகாரம். ஆரஞ்சு முட்கள் மூன்றும் அசையாமல், நான்கு மணி இருபது நிமிஷத்தில். அப்படி ஓர் அமைதியை அதன் முகத்தில் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகத்தில் பார்த்ததுதான்.

ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். எப்போது நின்றது? நான்கு இருபது என்றால் சாயங்காலமா, விடிகாலையா, எந்த நாள்? அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தலைவர் தரம் பார்ப்பவரைப் பார்த்தார். தரம் பார்ப்பவர் ஓய்வு அறைப் பொறுப்பாளரைப் பார்த்தார். பொறுப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். ‘அமைதி அடைந்தது’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தது. பக்கத்துக் கட்டம் காலி.

“ஒருத்தர்கூட பார்க்கலையா?” என்றேன். “இத்தனை பேர் இருக்கீங்களே. இவ்வளவு பெரிய கட்டடம் முழுக்க வாட்சை வச்சுக்கிட்டு, நின்ன நேரம் என்னன்னு ஒருத்தர்கூட பார்க்கலையா? அவர் போனப்பவும் யாரும் பார்க்கலை.”

“நேரம் எங்க துறை இல்லைம்மா,” என்றார் தலைவர், நிஜமான வருத்தத்தோடு.

பிறகு அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. வந்ததும் முகம் மலர்ந்தது. இறந்தவர் ஓட்டிய ஓட்டம், எட்டு மாதம் தொடர்ந்து ஓடி, நம் மன்றத்தில் நின்றிருக்கிறது, இப்படி ஒரு கடிகாரம் உலகத்திலேயே இது ஒன்றுதான், ஒன்பதில் ஒன்று இல்லை, ஒன்றே ஒன்று என்றார். ‘மறைந்தவர் ஓட்டம்’ என்று புதுப் பிரிவே தொடங்கலாம் என்றார். கூடம் கைதட்டியது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஒரு நிமிஷம் எனக்கும் அது பிடித்திருந்தது. அவர் பெயரில் ஒரு பிரிவு. உலகத்தில் ஒரே ஒருத்தர்.

தரம் பார்ப்பவர் கையைத் தூக்கினார். மன்னிக்க வேண்டும், தொழில்நுட்ப ஆட்சேபம் ஒன்று என்றார்.

“இந்த மாடல்ல ஸ்பிரிங் நாற்பது மணி நேரம்தான் தாங்கும். அவர் கை கொடுத்த முறுக்கு, அவர் போன ரெண்டாம் நாளே முடிஞ்சிருக்கும். மீதி எட்டு மாசமும் ஓட்டினது இந்த அம்மா. காலர் தைக்கிற கை. அது ஊர்ல நிறைய இருக்கு. அதுல அபூர்வம் ஒண்ணுமில்லை.”

தலைவர் ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார். பழைய பிரிவிலேயே எண் கொடுக்கலாம் என்று தீர்மானமாயிற்று. பெட்டியைச் சாய்க்காமல் தட்டையாகப் பிடித்துக்கொண்டு போகும்படியும், தப்பித்தவறிக் கடிகாரம் ஓடிவிட்டால் சான்றிதழ் செல்லாது என்றும் பொறுப்பாளர் வாசித்தார்.

எனக்கு அது எதுவும் காதில் விழவில்லை. ரெண்டாம் நாள். ரெண்டாம் நாள் நான் எங்கே இருந்தேன்? வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைதான். அப்போதே அவர் போய்விட்டார், நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்குத் தெரியாமல். அதற்குப் பிறகு ராத்திரி ராத்திரியாகக் காதுக்கு அடியில் வைத்துக் கேட்டது அத்தனையும் என்னுடைய கை.

பெட்டியைத் திறந்து கடிகாரத்தை எடுத்தேன். தலைவர் எழுந்து கையை நீட்டினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை ஆட்டினேன், தெர்மாமீட்டரை உதறுகிற மாதிரி. முள் தயங்கி, நகர்ந்தது. சான்றிதழை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். ரத்து என்று முத்திரை குத்துகிற சத்தம் படி இறங்கும்வரை கேட்டது.

பஸ்ஸில் ஒரு பெண்ணிடம் மணி கேட்டேன். மூன்றே கால் என்றாள். திருகைப் பிடித்து, முள்ளை மூன்றே காலுக்கு வைத்தேன். அந்தக் கடிகாரத்துக்கு நான் நேரம் வைத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக் கதவை மகள் திறந்தாள். என்னம்மா ஆச்சு, பின் போட்டாங்களா என்று கேட்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

“அப்பா போயிட்டாருடி,” என்றேன்.

“ஆமாம்மா,” என்று சொல்லி, என்னைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.